சங்கத்திலிருந்து நீக்கிட்டாங்களா? 1962-ல் ஒரு ஃப்ரீமேசன் தோற்ற வழக்கு உங்களுக்கு ஏன் முக்கியம்

போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே பக்கம் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயரே இன்னும் வாயில் வருகிறது.) ஹேவ்லாக் போகும் அரசுப் படகுகள் கிளம்புகிற ஜெட்டி அங்கேதான் இருக்கிறது. சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். கப்பலில் சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள். அதனால் வந்த புதிதிலேயே ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்கள். பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், அவசரத்துக்கு ரத்தம், வீடு பார்க்க உதவி என எல்லாமே அந்தச் சங்கத்து ஆட்கள்தான்.

ஒருநாள் இரவு பார்த்தால் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் இல்லை. மறுநாள் காலையில் ஒரு வரிக் கடிதம் வருகிறது: 'ஒழுக்கக் குறைவு காரணமாக நீக்கப்பட்டுள்ளீர்கள்.' என்ன ஒழுக்கக் குறைவு, யார் புகார் கொடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள் என்று எதுவுமே அதில் இல்லை. சென்னையில் என்றால் வேறு நண்பர்களைப் பார்த்துக்கொள்ளலாம். தீவில் அப்படி முடியாது. அதே ஆட்களை ஜெட்டியிலும் சந்தையிலும் தினமும் பார்த்தாக வேண்டும்.

இது கற்பனைதான். ஆனால் சங்கம், கிளப், அப்பார்ட்மென்ட் அசோசியேஷன், முன்னாள் மாணவர் அமைப்பு என்று ஏதாவது ஒன்றில் இருப்பவர்களுக்கு ரொம்பத் தூரத்துக் கற்பனை இல்லை. இந்த மாதிரி சமயத்தில் கோர்ட் உங்களுக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு இந்தியச் சட்டத்தில் அடிப்படையான பதில் ஒன்று இருக்கிறது. அதை வாங்கித் தந்தவர் ஒரு ஃப்ரீமேசன். அதுவும் வழக்கில் தோற்றுப்போன ஃப்ரீமேசன்.

முதலில், யார் இந்த ஃப்ரீமேசன்கள்?

யூடியூபில் தேடினால் உலகத்தையே ரகசியமாக ஆள்பவர்கள் என்று பதில் வரும். அதை ஓரமாக வைப்போம். ஐரோப்பாவில் கல் கட்டடம் கட்டிய கொத்தனார்களின் சங்க மரபை எடுத்து, அதை ஆண்களுக்கான ஒரு நல்லொழுக்கக் கழகமாக மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். 1717-ல் லண்டனில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கிராண்ட் லாட்ஜ்தான் இவர்கள் வைக்கும் தொடக்கப் புள்ளி. 'லாட்ஜ்' என்றதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் போடுகிற இடம் ஞாபகம் வரும். இங்கே அது கிளை என்ற பொருளில் வருகிறது.

நம்ம ஊர் மேஸ்திரி கையில் இருக்கும் மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றும் இவர்களுக்கு அடையாளச் சின்னங்கள். மூலைமட்டம் ஒழுக்கத்துக்கு, மட்டம் பார்க்கும் கருவி எல்லோரும் சமம் என்பதற்கு, தூக்குக்குண்டு நேர்மைக்கு. சுவர் கோணலாகப் போகாமல் பார்ப்பதைப் போல வாழ்க்கையையும் பார்த்துக்கொள் என்பதுதான் சேதி.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1752-லேயே மெட்ராஸில் லாட்ஜ் இருந்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770-களில் திருச்சியில் சேர்ந்தார். இந்தியர்களில் முதல் ஃப்ரீமேசன் என்று அவரைத்தான் சொல்வார்கள். எழும்பூரில் 1920-களில் கட்டிய ஃப்ரீமேசன்ஸ் ஹால் இன்றும் இருக்கிறது. 1961 நவம்பரில் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா தனியாக உருவானது. ஆனால் பழைய லாட்ஜ்கள் எல்லாம் அதில் சேரவில்லை. சில இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து தலைமைகளின் கீழேயே தொடர்ந்தன.

கழுத்தை வெட்டுவார்களா?

ரகசியத்தை வெளியே சொன்னால் கழுத்தை அறுப்பார்கள் என்ற கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர்களுடைய உறுதிமொழியிலேயே அப்படி ஒரு வாசகம் பழங்காலத்திலிருந்து இருந்தது. வெறும் அடையாளத்துக்குத்தான், யாரும் செயல்படுத்துவதற்காக இல்லை என்று விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, 1986-ல் இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் உடல் தண்டனைகளை உறுதிமொழியிலிருந்தே எடுத்துவிட்டது.

நிஜமான தண்டனை எதிர்பார்த்ததைவிட சப்பென்றுதான் இருக்கும். எந்த ரோட்டரி கிளப்பிலும் பார்க்கக்கூடிய மாதிரிதான். முதலில் எச்சரிக்கை அல்லது கண்டனம். அடுத்து இடைநீக்கம். அதற்கும் மேலே, உங்கள் லாட்ஜிலிருந்து மட்டும் நீக்கம். கடைசியாக, மொத்த அமைப்பிலிருந்தே வெளியேற்றம். இங்கிலாந்து முறையில் கடைசித் தண்டனையை உள்ளூர் லாட்ஜ் தர முடியாது. தலைமை லாட்ஜுக்குத்தான் அந்த அதிகாரம். உள்ளூர் லாட்ஜ் ஒருவரை நீக்க வேண்டும் என்றாலும் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும், கூட்டத்துக்கு வந்தவர்களில் 3-ல் 2 பங்காவது ஆதரிக்க வேண்டும். கோர்ட்டில் சிறைத் தண்டனை வாங்கிய உறுப்பினர் அதைத் தானாகவே அமைப்புக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் அதுவே தனிக் குற்றம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று 1723-ல் வந்த அவர்களுடைய முதல் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு உறுப்பினர் அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்தால் என்ன செய்வது? அந்தக் கலகத்தை ஆதரிக்கக் கூடாது, கைவிட வேண்டும் என்கிறது விதி. ஆனால் வேறு குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாத வரை, அவரை லாட்ஜிலிருந்து நீக்க முடியாது என்றும் அதே விதி சொல்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், ராஜ விசுவாசம் பேசிக்கொண்டே, 'இவனை எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதும் 'இவனை நீக்கலாம்' என்பதும் வேறு வேறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை சங்கங்களின் பைலாவில் அந்தத் தெளிவு இருக்கிறது?

பெல்காம் வழக்கு

இப்போது நம்ம கதைக்கு வருவோம். இன்று கர்நாடகாவில் பெலகாவி என்று அழைக்கப்படும் பெல்காமில் லாட்ஜ் விக்டோரியா, எண் 363 என்று ஒரு லாட்ஜ். ஸ்காட்லாந்து தலைமையிடம் சாசனம் வாங்கிய லாட்ஜ். அதில் உறுப்பினராக இருந்த டாவர் என்பவர் மீது புகார் வந்தது. ஃப்ரீமேசனுக்கு அடுக்காத நடத்தை என்று சொல்லி லாட்ஜ் அவரை நீக்கியது. நீக்கியது செல்லாது என்று அவர் சிவில் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1962-ல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பின்னால் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர்.

கோர்ட் முதலில் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: ஒருவரை வெளியே அனுப்ப ஒரு சங்கத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? கடவுளிடமிருந்தோ மரபிலிருந்தோ வரவில்லை, தலைவரின் வயசிலிருந்தும் வரவில்லை. நீங்கள் சேரும்போது போட்ட ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. உறுப்பினர் படிவத்தில் 'சங்க விதிகளுக்குக் கட்டுப்படுவேன்' என்று படிக்காமலே கையெழுத்து போட்டீர்களே, அதுதான் ஒப்பந்தம்.

அது ஒப்பந்தம் என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு. விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும், சங்கத்தையும் கட்டுப்படுத்தும். நீக்கலாம் என்று விதியில் இருந்தால் நீக்கலாம், ஆனால் அந்த விதி சொன்ன வழியில் மட்டும்தான். பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும் என்று இருந்தால், செயலாளரும் பொருளாளரும் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

அதற்காக ஒரு கமா விட்டுப்போனாலும் நீக்கம் செல்லாதா என்றால், அப்படியும் இல்லை. எந்த விதி கட்டாயமானது, எது வெறும் வழிகாட்டுதல் என்பதை அந்தந்த விதியின் நோக்கத்தையும் அது வரும் சூழலையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றது கோர்ட். நோட்டீஸே கொடுக்காமல் நீக்குவதும், நோட்டீஸ் தேதியில் சின்னப் பிழை இருப்பதும் ஒன்றல்ல.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. சிவில் கோர்ட், சங்கத்தின் முடிவு மீது மேல்முறையீட்டு மன்றம் மாதிரி உட்கார முடியாது. சங்கம் தன் அதிகாரத்தை மீறியதா, நல்லெண்ணத்தில் நடந்துகொண்டதா, இயற்கை நீதியைப் பின்பற்றியதா என்று மட்டும்தான் பார்க்கும். இயற்கை நீதி என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. உங்கள் மீது என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், முன்கூட்டியே முடிவு கட்டாமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்து, லாட்ஜ் செய்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். டாவர் தோற்றார்.

அப்போ சங்கம் எது சொன்னாலும் சரியா?

தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நெருடும். புகார் கொடுத்தவரே தீர்ப்பும் சொல்லலாமா? சங்கங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான். தலைவருக்கும் உங்களுக்கும் சண்டை, விசாரணைக் குழுவுக்குத் தலைவரும் அவரே. இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் போகாமல் விதி எழுதிக்கொள்வது நல்லது, ஆனால் பல அமைப்புகள் அப்படி எழுதுவதில்லை என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டது. சின்ன அமைப்பில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், நீதிமன்றத்தின் கறார்த்தனத்தை அங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது என்ற யதார்த்தம் அதில் இருக்கிறது. புரிகிறது. ஆனாலும் அந்த இடத்தில் கோர்ட் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்பது என் கருத்து. ஊர் சின்னதாக ஆக, நடுநிலையான ஆள் கிடைப்பது கஷ்டமாகிறது. அதே ஊரில்தான் நீக்கப்பட்டால் வலியும் அதிகம்.

ஒழுக்கம் என்ற வார்த்தையையும் கோர்ட் தொடவில்லை. ஃப்ரீமேசனுக்கு எது அடுக்கும், எது அடுக்காது என்று லாட்ஜ்தான் சொல்ல வேண்டும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் படிக்கும் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டு, புத்தகமே படிக்காதவர்களை ஏன் நீக்குகிறீர்கள் என்று நீதிபதியிடம் கேட்க முடியாது. சேர்ந்து இயங்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தருகிறது. யாரோடு சேருவது என்பதும் அதில் அடக்கம்.

ஆனால் நீக்கினால் சோறு போய்விடும் என்றால் கதை வேறு. 1952-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பொருட்காட்சிகளில் ராட்டினம், கேளிக்கைக் கடை போடுகிறவர்களுக்கு அங்கே ஒரு சங்கம் உண்டு. அதில் இல்லாவிட்டால் நல்ல இடம் கிடைக்காது, தொழில் ஓடாது. பிராட்ஃபோர்டு பொருட்காட்சியில் ஒரு இடத்துக்காக இரண்டு பேருக்குத் தகராறு. அதில் லீ என்பவர் 'நியாயமற்ற போட்டி' செய்தார் என்று சங்கத்தின் குழு 100 பவுண்டு அபராதம் போட்டது. அவர் கட்டவில்லை. உறுப்பினர் பதவி போகும் என்றது சங்கம். நீதிபதி டென்னிங் உள்ளிட்ட அமர்வு, அவர் செய்தது சங்கத்தின் விதிப்படியே 'நியாயமற்ற போட்டி' ஆகாது என்று சொல்லி அபராதத்தைச் செல்லாததாக்கியது. பொழுதுபோக்குக்காகச் சேரும் கிளப் வேறு, பிழைப்பைக் கையில் வைத்திருக்கும் சங்கம் வேறு. இரண்டாவது வகையில் விதிக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட்டே உள்ளே வந்து பார்க்கும்.

நம்ம சினிமா உலகத்தில் இதைப் பார்க்கலாம். 2016 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் நடிகர் விஷாலை இடைநீக்கம் செய்தது. சங்கத்தைப் பற்றிப் பேட்டியில் பேசியதுதான் பிரச்னை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஏப்ரலில் அதே சங்கத்துக்குத் தலைவராக அவரே தேர்வானார். நீக்கம் என்பது எப்போதும் ஒழுக்கத்தைப் பற்றியது மட்டும் இல்லை, அடுத்த தேர்தலைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

விதி இருந்தும் தூங்கிய கதை

கறாராக நீக்குவது ஒரு ஆபத்து. நீக்க வேண்டியவரை நீக்காமல் விடுவது இன்னொன்று. ஃப்ரீமேசன்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள்.

இத்தாலியில் 'பி-2' என்று ஒரு லாட்ஜ். அதை நடத்தியவர் லிச்சியோ ஜெல்லி. 1976-லேயே இத்தாலியின் தலைமை அமைப்பு அந்த லாட்ஜை முடக்கி வைத்தது. காகிதத்தில் முடக்கம், நிஜத்தில் ஜெல்லி தன் வேலையைத் தொடர்ந்தார். 1981 மார்ச்சில் வேறொரு விசாரணைக்காகப் போலீஸ் அவருடைய இடத்தைச் சோதனை போட்டபோது ஒரு பட்டியல் கிடைத்தது. 962 பெயர்கள். அமைச்சர்கள், எம்.பி.க்கள், ராணுவ அதிகாரிகள், உளவுத் துறைத் தலைவர்கள், பத்திரிகை முதலாளிகள் எல்லாம் அதில். பின்னால் பிரதமரான பெர்லுஸ்கோனி பெயரும் இருந்தது. சில வாரங்களில் ஃபொர்லானி அரசு கவிழ்ந்தது. ஜெல்லியை ஃப்ரீமேசன் அமைப்பு வெளியேற்றியது அந்த வருஷம் அக்டோபரில். அதாவது போலீஸ் வந்து, பத்திரிகை வந்து, அரசாங்கமே போன பிறகு. 1982-ல் இத்தாலி நாடாளுமன்றம் ரகசிய அமைப்புகளைத் தடை செய்து சட்டம் போட்டது. உள்ளே ஒழுங்கு நடவடிக்கை வேலை செய்யாவிட்டால், வெளியிலிருந்து வரும் நடவடிக்கை இன்னும் கடுமையாகத்தான் இருக்கும்.

கல்கத்தா கதை வேறு மாதிரி. எல்லா மனிதரும் சகோதரர் என்று சொன்ன அமைப்பு, பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி இந்துவைச் சேர்க்க 1863-லிருந்து 1872 வரை இழுத்தடித்தது. அவரை அனுமதித்தது 'ஆங்கர் அண்ட் ஹோப்' என்ற லாட்ஜ். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே லாட்ஜில் நரேந்திரநாத் தத் என்ற இளைஞர் சேர்ந்தார். பின்னால் விவேகானந்தர்.

மதம் என்றால் வேறு கணக்கு

டாவர் தீர்ப்பு வந்த அதே 1962-ல், ஜனவரியில், இன்னொரு நீக்க வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பம்பாய் மாகாணம் 1949-ல் போட்ட சமூக விலக்குத் தடைச் சட்டத்தை எதிர்த்து தாவூதி போரா மதத் தலைவர் போட்ட வழக்கு அது. உறுப்பினரை விலக்குவது மத விவகாரம் என்று சொல்லி, 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது கோர்ட். மாறுபட்டு எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி சின்ஹா. அந்தத் தீர்ப்பு இன்றும் விவாதத்தில் இருக்கிறது. 2023-ல் ஐந்து நீதிபதி அமர்வு அதை ஒன்பது நீதிபதி அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. இதற்கிடையில் மகாராஷ்டிரா 2016-ல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஊர்விலக்கு என்பதை சங்க நீக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிணற்றில் தண்ணீர் எடுக்காதே, கடையில் பொருள் கொடுக்காதே என்பது உறுப்பினர் விவகாரமே இல்லை. அது குற்றம்.

சரி, ஃபீனிக்ஸ் பேயில் நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, குரூப்பில் நண்பர்களை விட்டு சண்டை போட வைக்காதீர்கள். சங்கத்தின் பைலா பிரதி ஒன்றை எழுத்தில் கேளுங்கள். அந்தமானில் பதிவான சங்கம் என்றால் பெரும்பாலும் 1860-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கும், விதிகள் பதிவாளரிடமும் இருக்கும். தமிழ்நாட்டில் 1975 சட்டம். அதில் 36-வது பிரிவு, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் சங்கத்தின் செயல்பாட்டை விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது.

பைலா கையில் வந்ததும் 'நான் தப்பே பண்ணல' என்று பத்துப் பக்கம் எழுத உட்காராதீர்கள். கோர்ட் அதைத் தேடாது. நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று விதியில் இருக்கிறது, எத்தனை நாள் நோட்டீஸ், எத்தனை பேர் ஓட்டு, மேல்முறையீடு உண்டா என்று பாருங்கள். பிறகு உங்களுக்கு நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கற்பனைக் கதையில் குற்றச்சாட்டு என்னவென்றே சொல்லவில்லை, பதில் கேட்கவும் இல்லை. டாவருக்கு இல்லாத பிடி உங்களுக்கு இருக்கிறது.

சங்கத்துக்குள் மேல்முறையீடு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், தேதி போட்டு, ஒப்புகை வாங்கி. அது பலிக்கவில்லை என்றால் சிவில் கோர்ட். அங்கேயும் முடியாமல் மேலே போக வேண்டி வந்தால், அந்தமான் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. அதற்காகக் கல்கத்தாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை, அதன் சர்க்யூட் பெஞ்ச் போர்ட் பிளேரிலேயே உட்காருகிறது.